முந்திரிப் படத்துக்கு ஒரு வரி: ஆன்லைன் கடைகள் எழுத மறக்கும் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’

செந்துறை கடைத்தெருவில் முந்திரி வாங்கப் போனால், விலை சொல்வதற்கு முன்னாடியே கடைக்காரர் நாலு பருப்பை எடுத்து நம் கையில் வைத்துவிடுவார். “பாருங்கண்ணே, ஒண்ணுகூட உடையல. எல்லாம் முழுசு. வாயில போட்டுப் பாருங்க” என்பார். வந்தவருக்குப் பார்வை இல்லை என்றாலும் இதே கதைதான். கையில் வைப்பார், வாயால் சொல்வார், வியாபாரம் முடியும்.

இப்போது அதே முந்திரி ஆன்லைனுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழகான வெப்சைட், பளிச்சென்று போட்டோக்கள், யு.பி.ஐ. வசதி, வீட்டுக்கே கூரியர். பார்வையற்ற ஒருவர் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். போன் அவருக்குப் படித்துக் காட்டுகிறது: “ஐ.எம்.ஜி. அடிக்கோடு இரண்டு பூஜ்ஜியம் இரண்டு நான்கு... ஜே.பி.ஜி. படம்.” அடுத்த போட்டோவுக்குப் போனால் அங்கேயும் எண்கள்தான். நாலு போட்டோவும் இப்படியே. பருப்பு முழுசா, உடைசலா? வறுத்ததா, பச்சையா? பாக்கெட்டா, டப்பாவா? எதுவும் தெரியாது. அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து போனதே தெரியாது.

அந்த இடத்தில் விடுபட்டது ஒரே ஒரு வரி. அந்த வரிக்குப் பெயர்தான் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’. தமிழில் ‘மாற்று உரை’ என்கிறோம்.

ஆல்ட் டெக்ஸ்ட் என்றால் என்ன?

இணையப் பக்கத்தில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொற்களில் எழுதி அதனுடன் இணைத்து வைக்கலாம். சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருள் மட்டும் அதைப் படித்துக் காட்டும். நெட் மெதுவாக இருந்து படம் வராமல் போனால், படத்தின் இடத்தில் அந்த வரி தெரியும். கூகுள் போன்ற தேடுபொறிகளும் படம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள இதைப் பயன்படுத்துகின்றன.

இது புதுசு இல்லை. 1995-ல் வந்த எச்.டி.எம்.எல். 2.0 தரத்திலேயே இதற்கு இடம் உண்டு. உலகளாவிய இணையக் கூட்டமைப்பு 1999 மே மாதம் முதல் அணுகல்தன்மை வழிகாட்டியை வெளியிட்டபோது, அதன் முதல் விதியே இதுதான்: படத்துக்கு இணையான சொல் கொடுங்கள். இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் 2.2 பதிப்பிலும் அதுவே முதல் விதி, அதுவும் குறைந்தபட்சத் தேவையாக. ஆனாலும், உலகின் பத்து லட்சம் முன்னணி முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் ‘வெப்எய்ம்’ அமைப்பின் 2024-ம் ஆண்டு ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஆல்ட் டெக்ஸ்ட் இல்லாத படங்கள் இருந்தன. விதி வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் இதுதான் நிலைமை.

நம்பிக்கை இல்லையா? இப்போதே உங்கள் போனில் சோதித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குப் போய் ‘டாக்பேக்’கை ஆன் செய்யுங்கள். ஐபோன் என்றால் ‘வாய்ஸ்ஓவர்’. ஆன் செய்ததும் போனின் பழக்கமே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் படித்துக் காட்டும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த டாக்பேக்கில் இரண்டு விரல் வேண்டும், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல். அணைப்பதற்கும் அதே வழிதான், பதற வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் வழக்கமாக வாங்கும் ஏதாவது ஒரு கடையில் ஒரு சட்டை வாங்கப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். இந்தக் கட்டுரையின் மீதியை நான் எழுதவே தேவையிருக்காது.

யாருக்காக இதெல்லாம்?

“நம்ம கடைக்குக் கண்ணு தெரியாதவங்க யாருங்க வர்றா?” என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். இதில் வயதானதால் பார்வை மங்கி, போனில் எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கச் சொல்லியும் சமாளிக்கும் நம் அப்பா அம்மாக்கள் பலர் சேர்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் கடைக்கு அவர்கள் வருவதில்லை என்றால், வாசலில் படி மட்டும் கட்டிவிட்டு, “வீல்சேர்ல யாருமே வரலியே” என்று சொல்வது மாதிரிதான் அது.

இன்னொரு விஷயம். ஊரில் இருக்கும் பார்வையற்றவருக்குக் கடைத்தெருவுக்குப் போவதே பெரிய காரியம். பஸ் பிடிக்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், பெரும்பாலும் கூட ஒருவர் வர வேண்டும். ஆன்லைன் கடை வந்தபோது உண்மையான விடுதலை கிடைத்திருக்க வேண்டியது அவருக்குத்தான். யாரையும் கெஞ்சாமல், “இந்தக் கலர் எனக்கு நல்லாருக்குமா?” என்று தம்பியைக் கேட்காமல், தன் பணத்தில் தனக்குப் பிடித்ததைத் தானே வாங்கலாம். ஆனால் படத்துக்கு வாய் இல்லாததால், ஆன்லைனிலும் அவர் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு “இதுல என்ன இருக்கு, கொஞ்சம் சொல்லேன்” என்று கேட்க வேண்டியிருக்கிறது. உள்ளாடை வாங்கும்போதும் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவுக்கே ஒரு பரிசு வாங்க நினைக்கும்போதும் கேட்க வேண்டியிருக்கிறது. இழப்பது வசதியை மட்டுமல்ல, தன்மானத்தையும்தான்.

சரி, எப்படி எழுதுவது?

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரம் முந்திரிக்குப் பெயர்போனது என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு முந்திரிப் படத்துக்கு மூன்று விதமான வரிகளைப் பாருங்கள்.

முதலாவது: “முந்திரி.” பொய் இல்லை, ஆனால் பயனும் இல்லை. பக்கத்தின் தலைப்பிலேயே முந்திரி என்று இருக்கிறதே.

இரண்டாவது: “பெஸ்ட் முந்திரி ஆன்லைன், செந்துறை முந்திரி, குறைந்த விலை முந்திரி, முந்திரி வாங்க.” இது தேடுபொறிக்காகத் திணித்தது. காதால் கேட்பவருக்கு இது சந்தையில் மைக் வைத்துக் கத்துவது போல இருக்கும். இப்படித் திணித்தால் உங்கள் தளத்தையே ஸ்பேம் என்று கருதக்கூடும் என்று கூகுளே தன் வழிகாட்டியில் எச்சரிக்கிறது.

மூன்றாவது: “உள்ளங்கையில் ஐந்து முழு முந்திரிப் பருப்பு. வெளிர் தந்த நிறம், உடைசலோ கரும்புள்ளியோ இல்லை. ஒவ்வொன்றும் கட்டைவிரலின் மேல்கணு அளவு.” இதுதான் ஆல்ட் டெக்ஸ்ட். கடைக்காரர் கையில் வைத்துக் காட்டியதைச் சொல்லால் செய்த வேலை.

முந்திரி வியாபாரத்தில் ‘டபிள்யூ 240’, ‘டபிள்யூ 320’ என்று தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு. 240 தரத்தில் ஒரு பருப்பு ஏறக்குறைய 1.9 கிராம், 320 தரத்தில் 1.4 கிராம். பார்க்கிறவர் படத்தைப் பார்த்தே பெரிசா சின்னதா என்று முடிவு செய்துவிடுவார். அந்த முடிவை எடுக்கும் வசதி கேட்கிறவருக்கும் கிடைத்தாக வேண்டும். தரமும் எடையும் பொருள் விவரத்தில் வரட்டும். படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஆல்ட் டெக்ஸ்டில் வரட்டும். ஒன்றையே இரண்டு இடத்திலும் எழுதிக் கேட்பவரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம்.

அடுத்து சேலை. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் பட்டு நெசவு உண்டு. ஒரு சேலைக்கு ஐந்து படம் போட்டு, ஐந்துக்கும் “பட்டுச் சேலை” என்று எழுதினால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு படமும் ஒரு காரணத்துக்காகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காரணத்தை எழுதுங்கள். முதல் படத்துக்கு: “அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலை, நாலு விரல்கடை அகலத் தங்கநிற ஜரிகை பார்டர், உடல் முழுக்கச் சின்ன மாங்காய் புட்டா.” இரண்டாவதுக்கு: “முந்தி விரித்த நிலையில். மூன்று வரிசை மயில், நடுவில் பச்சைக் கோடு.” மூன்றாவதுக்கு: “ரவிக்கைத் துணி, பச்சை, புட்டா இல்லை.” ஜவுளிக்கடையில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு “இதான்க்கா முந்தி” என்று சொல்கிற அதே வரிசை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன்? நிறைய பயன். நிறம் என்பது கண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு எந்தக் கலர் போகும், துக்க வீட்டுக்கு எது போகாது, கறுப்புச் சட்டை போட்டால் ஊரில் என்ன அர்த்தம், இந்த ரவிக்கை எந்தச் சேலைக்குச் சேரும் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். அவரும் இந்தச் சமூகத்தில்தான் வாழ்கிறார். அதனால் ‘மெரூன் 04’ என்று கம்பெனி குறியீட்டை எழுதாமல் அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை என்று நாம் கடையில் சொல்கிற பெயரையே எழுதுங்கள். தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது.

மூன்றாவது உதாரணம் பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பம். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த கைத்தொழில் இது. வாகை மரத்திலும் மற்ற மரங்களிலும் கையால் செதுக்குகிறார்கள். கையால் செதுக்கியதால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. கடையில் என்றால் பார்வையற்றவர் விரலால் தடவியே தும்பிக்கை எந்தப் பக்கம் வளைகிறது, உளி பட்ட இடம் எவ்வளவு நுணுக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆன்லைனில் அந்த விரலும் போய்விடுகிறது. அதனால் இங்கே ஆல்ட் டெக்ஸ்ட் கொஞ்சம் கூடுதலாகவே உழைக்க வேண்டும்: “அமர்ந்த விநாயகர், தும்பிக்கை இடப்பக்கம் வளைந்தது. பீடத்தில் தாமரை இதழ் வரிசை. மரத்தின் ரேகை தெரியும்படி வண்ணம் பூசாதது.” உயரமும் எடையும் விவரத்தில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டிய சின்னச் சின்ன விஷயங்கள்

* “இந்தப் படத்தில்...” என்று ஆரம்பிக்க வேண்டாம். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும்.

* ஒன்றிரண்டு வாக்கியம் போதும். முடிவில் புள்ளி வையுங்கள், படிக்கும் குரல் அங்கே நின்று போகும்.

* அலங்காரக் கோடு, பூ டிசைன் போன்றவற்றுக்கு விவரணை தேவையில்லை. ஆல்ட் டெக்ஸ்டைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போகும். ஆனால் ‘காலியாக வைப்பது’ வேறு, அந்தப் பண்பையே பக்கத்தில் சேர்க்காமல் விடுவது வேறு. சேர்க்காமல் விட்டால்தான் கோப்புப் பெயரைப் படித்து உயிரை வாங்கும்.

* பட்டனாக இருக்கும் படத்துக்கு உருவத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். “தள்ளுவண்டிப் படம்” என்று எழுத வேண்டாம், “கூடையைப் பார்” என்று எழுதுங்கள்.

* பண்டிகை ஆஃபர் பேனரில் இருக்கும் எழுத்து முழுவதும் ஆல்ட் டெக்ஸ்டில் வர வேண்டும். “பொங்கல் ஆஃபர்” என்று மட்டும் எழுதிவிட்டு எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை என்பதைப் படத்துக்குள் ஒளித்து வைப்பது நியாயமில்லை.

* சைஸ் சார்ட்டைப் படமாகப் போடவே வேண்டாம். எழுத்தாலான அட்டவணையாகப் போடுங்கள். அத்தனை எண்ணையும் ஆல்ட் டெக்ஸ்டில் அடைக்க முடியாது.

* பக்கத்தின் மொழி தமிழ் என்று தளத்தின் அமைப்பில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறும், சில நேரம் மௌனமாகவே தாண்டிவிடும்.

* படத்தில் இல்லாததை எழுதாதீர்கள். கண்ணால் சரிபார்க்க முடியாதவரிடம் மிகைப்படுத்திச் சொல்வது இரட்டிப்புத் தப்பு.

இதில் லேபிள் விஷயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பொட்டலப் பொருட்களை இணையத்தில் விற்கும்போது தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை போன்றவற்றை அந்தப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 2018 ஜனவரி முதல் சொல்கின்றன. பல கடைகள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. முந்திரி, வேர்க்கடலை அலர்ஜி உள்ள ஒரு பார்வையற்றவருக்கு அந்தப் போட்டோ என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. இந்த இடத்தில் விடுபட்ட வரி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 46-வது பிரிவு, சேவை வழங்குவது அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், அணுகல் விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் அதன்படி சேவையை மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை மாதிரி வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ஆன்லைன் கடையைப் பற்றியது இல்லைதான், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் இ-கே.ஒய்.சி. செய்ய முடியாமல் தவிப்பதைப் பற்றியது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

வெளிநாட்டில் இந்தச் சண்டை எப்போதோ நடந்து முடிந்தது. அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனமான டார்கெட்டின் வெப்சைட்டில் ஆல்ட் டெக்ஸ்ட் இல்லை, மவுஸ் இல்லாமல் வாங்கவும் முடியவில்லை என்று 2006-ல் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2008-ல் 60 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் கடைகளுக்கு அணுகல் வசதி சட்டப்படியே கட்டாயம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் குறு சேவை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பாவுக்கு ஆன்லைனில் விற்க நினைக்கும் நம்மூர் நிறுவனங்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

“நேரம் இல்லீங்க” என்பவர்களுக்கு

கடையில் 40 பொருள், ஒவ்வொன்றுக்கும் நாலு படம் என்றால் 160 படம். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் ஆகாது. ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் எல்லாவற்றிலும் படத்தை ஏற்றும் இடத்திலேயே இதற்கான கட்டம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2018 முதலே இந்த வசதி உண்டு. ஒரு போட்டோவுக்கு லைட் சரி செய்து, பின்னணி மாற்றி, ஃபில்டர் போட அரை மணி நேரம் செலவழிக்கிறோம். அதில் ஒரு நிமிடம் எடுத்து இங்கே போடக் கூடாதா?

“ஏ.ஐ. இருக்கே, அதுவே எழுதிடாதா?” எழுதும். முதல் வரைவுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது “ஒரு கிண்ணத்தில் கொட்டைகள்” என்று எழுதும். நீங்கள் எதைக் காட்டுவதற்காக அந்தப் போட்டோவை எடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. உடைசல் இல்லாததைக் காட்டவா, தோல் சுத்தமாக உரிந்ததைக் காட்டவா? சேலையில் மாங்காயை ‘இலை’ என்றும், அன்னத்தை ‘வாத்து’ என்றும் எழுதினாலும் ஆச்சரியம் இல்லை. விற்கிறவர் ஒருமுறை படித்துத் திருத்தாமல் அதை அப்படியே போடுவது, கடையில் சரக்கு தெரியாத ஆளை நிறுத்தி வைப்பதற்குச் சமம்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் அண்ணனுக்கோ மாமாவுக்கோ வெப்சைட் செய்து கொடுப்பது நீங்கள்தான். ‘ஃபேஸ் டூவில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் பட்டியலில் ஆல்ட் டெக்ஸ்டைச் சேர்க்காதீர்கள். ஃபேஸ் டூ எப்போதும் வராது என்பது உங்களுக்கும் தெரியும். ஆல்ட் டெக்ஸ்ட் எழுதாமல் படத்தை வெளியிட முடியாதபடி தளத்தை அமையுங்கள். அலங்காரப் படம் என்றால் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு டிக் பெட்டி வையுங்கள். வரியை நீங்கள் எழுத வேண்டாம், சரக்கு தெரிந்த மாமாவே எழுதட்டும். அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றால், “கடைக்கு வந்தவர்கிட்ட இதைப் போன்ல எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே டைப் செய்யுங்கள்.

கடைத்தெருவில் யார் வந்தாலும் கையில் நாலு பருப்பை வைக்கும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. அதை ஆன்லைனுக்கும் கொண்டுபோகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் மொத்தக் கோரிக்கையும். இன்று ராத்திரி கடையை அடைத்த பிறகு, அதிகம் விற்கும் பத்துப் பொருளின் படங்களைத் திறந்து ஆளுக்கொரு வரி எழுதுங்கள். அடுத்த ஆர்டர் போடுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. யாரையும் கேட்காமல் தானே வாங்கினோம் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.